நம்பர் இல்லாத வெயிட்டிங் லிஸ்ட்

வெயிட்டிங் லிஸ்ட் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற இறுமாப்போடுதான் ரிடையர் ஆனேன். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தைப் பாதி ஓட்டைக்குள் நுழைத்து, "சார், டபிள்யூ.எல். முப்பத்தெட்டு, கன்ஃபர்ம் ஆகுமா?" என்று கேட்டவர்களுக்கு நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறேன். காவேரி எக்ஸ்பிரஸில் சாதாரண செவ்வாய்க்கிழமை என்றால் முப்பத்தெட்டு ஆகும். தீபாவளிக்கு முந்தின நாள் என்றால் எட்டுகூட ஆகாது. இதில் ஜோசியம் எதுவும் இல்லை. தொழில்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டில், 2025 மார்ச் மாதம், என் மகள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து, "அப்பா, வெயிட்லிஸ்ட்ல போட்டிருக்காங்க" என்றாள். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கப் போட்ட விண்ணப்பம். எனக்கு உள்ளூர ஒரு குஷிகூட வந்தது. கடைசியில் சமாசாரம் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே வந்துவிட்டதே!

"நம்பர் எத்தனை?" என்றேன்.

"நம்பர் எல்லாம் கிடையாதுப்பா."

"கிடையாதுன்னா? உனக்கு முன்னாடி எத்தனை பேர்?"

"சொல்ல மாட்டாங்களாம். வரிசையே போடலையாம்."

"சரி, சார்ட் எப்போ?"

"ஏப்ரல் பதினஞ்சு வாக்கில நகரலாம். நகராமலும் போகலாம்."

நம்பர் இல்லை, வரிசை இல்லை, சார்ட் போடும் நேரம் இல்லை. ரயில்வேயில் இதை லிஸ்ட் என்று சொல்ல மாட்டோம். கூட்டம் என்போம், லத்தியோடு ஆர்.பி.எஃப். ஆளைக் கூப்பிடுவோம்.

நாங்கள் ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆட்கள். மைசூருக்கு மாற்றலாகி வந்து, தண்ணீரும் காற்றும் பிடித்துப்போய், விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டோம். காத்திருப்பது எங்கள் பேட்டைக்கும் புதிதல்ல. இந்தப் பக்கத்து மனைகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. 2024-இல் மனை ஒதுக்கீட்டு விவகாரம் நாடு முழுக்கச் செய்தியானபோது, எங்கள் மூன்றாவது, நான்காவது ஸ்டேஜ் பெயர்களை டெல்லி டிவிக்காரர்கள் உச்சரித்த அழகைக் கேட்டு, பக்கத்து வீட்டு மேஷ்ட்ரு ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகள் படித்தது உணவு அறிவியல், மானசகங்கோத்ரியில். "சோறாக்கறதைப் படிக்க அமெரிக்காவுக்கு எதுக்கு?" என்று ஊரிலிருந்து என் அம்மா போனில் கேட்டாள். எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்குப் பால் பவுடர் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததே நம்ம மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.தான், அதுவும் இதே படிப்புதான் என்று விளக்கினேன். "அப்ப மைசூர்லயே இருக்கலாமே" என்றாள். அம்மாவிடம் வாதம் செய்து நான் ஜெயித்ததே கிடையாது.

விண்ணப்பச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூறு டாலருக்கு முன்னே பின்னே. அந்தப் பணத்தில் நாங்கள் மூன்று பேரும் ஏ.சி.யில் சென்னை போய், சரவண பவனில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். ரயில்வேயை எத்தனையோ பேர் திட்டுகிறார்கள். ஆனால் ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால், ஆளுக்கு 60 ரூபாயும் வரியும் பிடித்துக்கொண்டு மீதியைக் கேட்காமலே திருப்பி அனுப்பிவிடும். அந்த நாணயம் அங்கே இல்லை. இடமும் கிடையாது, பணமும் கிடையாது, ஆனால் நன்றி உண்டு.

கடைசி விண்ணப்பத்தை முடித்தது ஜனவரி பிறக்கும் சமயத்தில். புத்தாண்டு அன்று எங்கள் முதல் ஸ்டேஜ் யோக நரசிம்ம சுவாமி கோயிலில் லட்சக்கணக்கில் லட்டு கொடுப்பார்கள். மனைவி மகளை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். நீளமான வரிசைதான். ஆனால் நின்றவர்கள் எல்லோர் கையிலும் லட்டு இருந்தது. சேர்க்கைக் குழு என்று ஒன்று அங்கே இல்லை.

வெயிட்லிஸ்ட்டுக்கு முன்பே நிராகரிப்புகள் வர ஆரம்பித்திருந்தன. அவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டுவதற்கு முன் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள் போல. நியூயார்க்கில் மாலை ஐந்து என்றால் கோடைக் கணக்கில் விஜயநகரில் ராத்திரி இரண்டரை. மின்னஞ்சலில் விஷயம் நேராக இருக்காது. 'உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது, உள்ளே வந்து பாருங்கள்' என்று மட்டும் இருக்கும். உள்ளே போக பாஸ்வேர்ட் வேண்டும். அது நவம்பரில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு எண், ஒரு பெரிய எழுத்து எல்லாம் சேர்த்து வைத்தது. மறந்ததைப் புதுப்பித்து, போனுக்கு வந்த ஓ.டி.பி.யை அடித்து, தான் ரோபோ இல்லை என்பதற்குச் சாட்சியாக சிக்னல் விளக்குப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தூக்கக் கலக்கத்தோடு உள்ளே போனால், இல்லை என்கிறார்கள். இடம் கிடைத்தவர்களுக்குத் திரையில் வண்ணக் காகிதம் தூவுமாம். எங்கள் வீட்டுத் திரை சுத்தமாகவே இருந்தது.

அந்தக் கடிதங்களின் இங்கிலீஷ் இருக்கிறதே! முதலில் நன்றி. அப்புறம் அவள் உழைப்புக்குப் பாராட்டு. பிறகு இந்த வருஷம் விண்ணப்பித்தவர்களின் அபாரத் தகுதி. தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த மனைவி, "நல்லாத்தானே எழுதியிருக்காங்க, எப்பக் கிளம்பணுமாம்?" என்றாள். எங்கள் கம்ப்யூட்டரில் இந்த வேலைக்கு 'ரிக்ரெட்' என்று ஒரே வார்த்தைதான் வரும். பயணி அதைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். யாரும் அவருடைய திறமையைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்கியதில்லை.

நிராகரிப்புகளை மகள் சமாளித்தாள். ஒரு நாள் அழுகை, மறுநாள் மசால் தோசை, அதோடு சரி. வெயிட்லிஸ்ட்தான் அவளைப் படுத்தியது. இல்லை என்பவன் வாசலோடு போய்விடுகிறான். பார்க்கலாம் என்பவன் வீட்டுக்குள் வந்து சோஃபாவில் உட்கார்ந்துகொள்கிறான்; அவனுக்கும் சேர்த்துத்தான் நாம் காபி போட வேண்டியிருக்கிறது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? நானும் விசாரித்தேன். இந்த ஏப்ரல் 15 என்பது அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம். உதவித்தொகையோடு இடம் கிடைத்த மாணவர் அன்றுவரை முடிவு சொல்லாமல் இருக்கலாம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலைந்து இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் 14 வரை யோசிக்கிறார்கள். எனக்கு உடனே புரிந்தது. ஒரே ஆள் நாலு வண்டியில் டிக்கெட் போட்டு வைத்துக்கொண்டு, எதில் ஜன்னல் சீட் என்று பார்ப்பதுதானே இது! கேன்சல் செய்தால்தான் வெயிட்டிங் லிஸ்ட் நகரும். நம்ம சார்ட் வண்டி கிளம்ப நாலு மணி நேரம் முன்பு வந்துகொண்டிருந்தது, 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரம் முன்பு என்று மாற்றினார்கள். அவர்களுக்கு வண்டி ஆகஸ்ட்டில். சார்ட் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆர்.ஏ.சி.கூட அங்கே உண்டு. ஒரு இடத்திலிருந்து, 'பிஎச்.டி. தர முடியவில்லை, உங்கள் சொந்தச் செலவில் முதுகலை படிக்க வருகிறீர்களா?' என்று கடிதம் வந்தது. முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, படுக்கையில் பாதியைக் காட்டி, உட்கார்ந்து வா என்பதுதானே ஆர்.ஏ.சி.! நம்ம ஆர்.ஏ.சி.யிலாவது யாராவது வராமல் போனால் டி.டி.இ. வந்து முழு பெர்த் கொடுப்பார். "அங்கே டி.டி.இ. உண்டா?" என்று கேட்டேன். மகள் முறைத்தாள்.

அந்த வருஷம் பார்த்து வேறொரு கூத்தும் நடந்தது. அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்தது. சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, சில கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு, கொடுத்துவிட்ட பிஎச்.டி. இடங்களையே மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கன்ஃபர்ம் ஆன பயணி பெட்டி தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு, அந்தக் கோச்சையே கழற்றிவிட்டால் என்ன செய்வார்? என் சர்வீஸில் அப்படி நடந்தபோதெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வோம்.

இதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போனால் "ஆய்த்தா சார்?" குக்கரஹள்ளி ஏரியில் வாக்கிங் போனால் "கன்ஃபர்ம் ஆய்த்தா?" ஒருவர் என்னைத் தனியாக ஓரம் கட்டி, எம்.பி. கடிதம் வாங்கிக் கொடுத்தால் நடக்குமா என்று ரகசியமாகக் கேட்டார். எமர்ஜென்சி கோட்டாவுக்கு அவருக்கு நான் எந்தக் காலத்திலோ வழி சொன்ன நன்றி. நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

மேஷ்ட்ரு மட்டும் நேரே வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆர்.கே. நாராயண் கதையை ஆரம்பித்தார். மைசூரில் யார் எந்தத் தேர்வில் தோற்றாலும் இலவசமாக வழங்கப்படும் ஆறுதல் இது. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், அதுவும் ஆங்கிலத்தில், தோற்றவர். ஒரு வருஷம் வீட்டில் இருந்து படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் கழித்தார். 1926-இல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கும் ஒரு வருஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். எம்.ஏ. சேரலாம் என்று கிளம்பியவரை, அதைப் படித்தால் இலக்கியமே வெறுத்துவிடும் என்று ஒரு நண்பர் தடுத்துவிட்டார். முதல் நாவலைப் பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்ப, அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் நதிக்குப் போகாமல் கிரஹாம் கிரீனிடம் போனார். 1935-இல் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' வந்தது. "இப்போ பாரும்மா, பக்கத்திலே யாதவகிரியில் அவர் வீட்டை 2011-இல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். தடுத்து நிறுத்தி 2016-இல் மியூசியம் ஆக்கினார்கள். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினவன் வீடெல்லாம் அப்பார்ட்மென்ட் ஆயிடுச்சு!" என்று முடித்தார்.

மகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், அவருக்கு கிரஹாம் கிரீன் கிடைச்சார், எனக்கு ஒரு வாட்ஸாப் குரூப்தான் இருக்கு. அந்த எம்.ஏ. ஃப்ரெண்டு மாதிரி யாராவது டிசம்பர்லயே தடுத்திருந்தா ஃபீஸாவது மிஞ்சியிருக்கும்" என்றாள்.

எனக்கு அந்தக் கதையில் வேறொருவர் மேல்தான் கண். நாராயணின் அப்பா பள்ளித் தலைமையாசிரியர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போடுகிறவர், சொந்தப் பிள்ளை தோற்று வந்து ஒரு வருஷம் வீட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு மியூசியம் கட்ட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

மகளின் கவலை ஊறுகாயில் இறங்கியது. ஏப்ரல் மாதம், மாவடு சீசன். தேவராஜா மார்க்கெட்டிலிருந்து மூட்டையாக வாங்கி வந்து, உப்பு ஒரு ஜாடியில் கூட, ஒரு ஜாடியில் குறைய என்று போட்டு, தினமும் பி.எச். காகிதத்தை நனைத்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் கிருமி வளராதாம். "எங்கம்மா காகிதம் நனைச்சா ஊறுகா போட்டாங்க? யாரு செத்தாங்க?" என்றாள் மனைவி. ஹாலில் நடக்க இடமில்லை. ஏப்ரல் 15 வந்தது, போனது. ஜாடிகள் மட்டும் நகர்ந்தன, மொட்டை மாடி வெயிலுக்கு.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. வெயிட்லிஸ்ட்டை மூடிவிட்டார்களாம், அவள் பொறுமைக்கு நன்றியாம். மகள் வாசித்துவிட்டு, "அப்பா, ரிக்ரெட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். ஜூனில் இங்கேயே ஒரு ஆய்வுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த டிசம்பருக்கு மறுபடி போடுவாளா என்று நான் கேட்கவில்லை. மேஷ்ட்ரு கேட்கிறார்.

போன வாரம் மூன்றாவது கிராஸ் பையன் ஒருவன் அவன் அப்பாவோடு வந்தான். ஒரு ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ.வுக்கு வெயிட்லிஸ்ட். வந்து உட்கார்வதற்குள், "நம்பர் கொடுத்திருக்காங்களா?" என்றேன்.

"கொடுத்திருக்காங்க அங்கிள். நூத்திப் பன்னெண்டு."

நம்பர்! எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன், டைரியை எடுத்தேன், மனைவியிடம் காபி போடச் சொன்னேன். போன வருஷம் எதுவரை நகர்ந்தது, அதற்கு முந்தின வருஷம் எதுவரை, எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் பணம் கட்டக் கடைசி நாள் என்று பையன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அறைக்குள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "கவுண்டர் திறந்துட்டாரு" என்றாள்.

கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அப்பாவும் பிள்ளையும் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆகும். ஆனா கேன்சலேஷன் பார்த்துதான் சொல்ல முடியும். திங்கக்கிழமை வாங்க."