அமீனா வீட்டு ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்று சொல்லிவைத்த நம் முன்னோர், அமீனாவின் வீட்டிலேயே ஆமை புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் விதி எதுவும் வகுக்காமல் போய்விட்டார்கள். சிதம்பரம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து பென்ஷன் பெற்று, ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் சந்நிதிக்குச் சமீபமாக வாசம் செய்யும் என் நண்பரைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறைதான் நினைவுக்கு வருகிறது.

பேரனுக்கென்று வாங்கப்பட்டு, பேரன் படிப்புக்காகப் பட்டணம் போனபின் வீட்டோடு தங்கிவிட்ட ஜந்துக்களைப் பரிபாலிக்கும் தாத்தாக்கள் ஊருக்கு ஊர் உண்டு; அவர்களுள் நம் அமீனா சிரோன்மணி. பத்து ரூபாய் நாணயத்தின் அளவில் வந்த சிவப்புக் காது ஆமை இன்று எட்டு அங்குலம். ஓட்டில் ஓர் அங்குலத்துக்கு நாற்பது லிட்டர் ஜலம் என்பது சாஸ்திரமாதலால், 320 லிட்டர் தொட்டியொன்று கூடத்தில் பாதியை ஜப்தி செய்துகொண்டிருக்கிறது. சம்சாரத்தின் ஆட்சேபணை மனு விசாரணையின்றியே தள்ளுபடியாயிற்று.

வந்தவருக்குக் காபி வருவதற்கு முன்பே தொட்டி விளக்கைப் பற்றிய உபந்நியாசம் வந்துவிடும். "ஜன்னல் வழியாக வெயில் வருகிறதே, விளக்கு எதற்கு?" என்று நான் ஒருமுறை கேட்டு அகப்பட்டுக்கொண்டேன். "கண்ணாடி வெளிச்சத்தை விடும் ஐயா, வேண்டிய புற ஊதாக் கதிரை விடாது; அது இல்லாவிட்டால் வைட்டமின் டி இல்லை, டி இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும்!" என்று தொடங்கியவர், அந்த விளக்கை வருஷத்துக்கு ஒரு தரமாவது மாற்ற வேண்டிய காரணத்தையும் சொன்னார்: பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தனைப் போல அதற்கு வெளிச்சம் இருக்குமாம், அதிகாரம் இராதாம்.

ஆகார விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. குட்டியில் மாமிசப் பிரியனாக இருந்து வயது ஏற ஏறக் கீரைக்குத் திரும்புவது இந்த ஜாதியின் சுபாவம். நம்மவரில் சிலரும் இப்படித்தான். பெருமாளுக்குக் கோரைக்கிழங்குப் பிரசாதம் நியமமாக நடக்கும் ஊரில் கூர்மத்துக்கு மட்டும் சோற்றுப் பருக்கையா என்று அவர் சீறுவார். காய்ந்த இறாலையே போட்டு வளர்த்த அடுத்த தெரு ஆமைக்குக் கண் வீங்கியது வைட்டமின் ஏ குறைவால் என்று நிதானித்து, அங்கே கீரைக்கட்டோடு போய் நின்றவரும் அவரே. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் ஓடு ஒன்று தொட்டியில் எப்போதும் மிதக்கும். குழாய் ஜலமானால் ஒரு நாள் வைத்திருந்து குளோரின் போனபின்பே ஊற்றுவார். கழிக்கும் ஜலம் கொல்லை வாழைக்குப் போகிறது. வாழை குலை தள்ளியதிலிருந்து அம்மாளின் விரோதம் சற்றுத் தணிந்திருக்கிறது.

ஆமையைத் தொட்டவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அங்கே காபி குடிக்க முடியாது; ஸால்மொனெல்லா கிருமிக்குப் பயந்து 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்க சர்க்கார் 1975-இலேயே தடுத்ததை அவர் கோர்ட் தீர்ப்பைப் போல வாசிப்பார்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? நித்ய புஷ்கரிணியில் விட்டுவிட்டால் புண்ணியமாயிற்றே" என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் பழைய அமீனா எழுந்துகொள்வார். மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்திலிருந்து வந்த இது நம் பாலாமையின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும் என்பார். "அப்படியானால் பாலாமையையே வளர்க்கலாமே" என்றால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம் என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்த ஆமை முப்பது வருஷம்கூட இருக்கக்கூடியது. அவருக்கு வயது எழுபத்துநான்கு. கணக்குப் போட்டுப் பார்த்து, ஆமையும் தொட்டியும் விளக்கும் பேரனைச் சேரும், எக்காலத்திலும் குளத்தைச் சேரா என்று உயில் எழுதிவிட்டார். சென்ற வெள்ளிக்கிழமை வழக்கமில்லாத மரியாதையோடு என்னை அழைத்து இரண்டாவது டம்ளர் காபியும் கொடுத்தபோதே நான் சந்தேகித்திருக்க வேண்டும். உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும்; இரண்டாவது கையெழுத்து என்னுடையது.