பல்லைக் கடித்துக்கொள்ளும் ஊர்

பிரம்மதேசத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. விடிவதற்கு முன்னே கிளம்புகிறார்கள். வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். காலில் பித்தவெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் உப்பு இறங்கும். மேலே அடிக்கிற வெயில் போதாதென்று, வெள்ளைத் தரையில் பட்டு அதே வெயில் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். இதற்கு நடுவே கடைவாய்ப் பல் நோவெடுத்தாலும் அன்றைக்குச் சுமக்க வேண்டிய கூடை ஒன்றுகூடக் குறையாது. இப்படிப்பட்ட பொறுமையைப் புகழாமல் வேறு எதைப் புகழ்வது?

அதிலும் பல்லைப் பிடுங்கிய பிறகு, அடைத்த பிறகு, வேர் சிகிச்சை செய்த பிறகு போகாமல் நிற்கிற வலி இருக்கிறதே, அதன் முன்னால்தான் இந்தப் பொறுமை தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. வைத்தியத்துக்கு முந்தைய வலியை எல்லாரிடமும் சொல்லலாம். வைத்தியம் முடிந்து, காசும் கொடுத்துவிட்டு வந்த பிறகு "இன்னும் நோவுது" என்று சொல்ல இவர்களுக்கு வாய் வருவதில்லை. டாக்டரைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று கூச்சம். "பல்லே இல்ல, அந்த எடம் நோவுதுன்னா சிரிக்க மாட்டாங்களா சார்?" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார்.

அந்த அக்காவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ஆரம்பித்தது. தாடையில் தொடங்கிக் காது வரை இழுத்தது. தண்ணீர் குடிக்கும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நல்ல பக்கக் கன்னத்தில் தண்ணீரைத் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். உப்புக் காற்று வாய்க்குள் போகாமலிருக்க முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டார். பேச்சைக் குறைத்தார். ராத்திரி தூக்கம் போயிற்று. அப்போதும் கூடை குறையவில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கே விஷயம் தெரியவில்லை என்றால் பாருங்கள்.

பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடியாக நிற்க வேண்டும். அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு மூடியில்லாமல் கிடக்கும். உலர்குழி என்று இதைச் சொல்கிறார்கள். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் வலி திடீரென்று கூடுவதும், காதுப்பக்கம் ஏறுவதும், வாய் நாறுவதும் இதன் அடையாளம். கீழ்க் கடைவாயில், அதிலும் ஞானப்பல் பிடுங்கிய இடத்தில், அதிகம் வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். வலி போக ஹான்ஸ் புகையிலையை அதே கன்னத்தில் அதக்கிக்கொள்கிற பழக்கமும் அந்தக் குழிக்கு நல்லதல்ல. இதற்கு வைத்தியம் சின்னது: குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணுக்கை உள்ளே வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அன்றைக்கே வலி நன்றாக இறங்கிவிடும். வைக்கிற மருந்தில் பல சமயம் இருப்பது யூஜினால், நம் வீட்டுக் கிராம்பில் உள்ள அதே சத்து. கால் மணி நேரத்தில் முடிகிற காரியத்துக்குப் பதிலாக அந்த அக்கா ஒரு வாரத்துக்கும் மேல் பொறுத்தார். எத்தனை பெரிய பொறுமை! வேறு யாராவதாக இருந்தால் மூன்றாம் நாளே டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, நாலாம் நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது நல்ல பழக்கம்தான்; உப்பு விளையும் ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடுங்கிய அன்றைக்கு மட்டும் கூடாது. வேகமாகக் கொப்பளித்தால் அந்த ரத்த மூடியே பெயர்ந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்துத் துப்பலாம். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் புழு விழும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லில் புழு கிடையாது. சுடுபுகைதான் புண்ணில் படும்.

வேர் சிகிச்சையில் இந்தப் பொறுமை வேறொரு வடிவம் எடுக்கிறது. முதல் தடவை பல்லைத் திறந்து, அழுகிய நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினாலே பாதி வலி போய்விடும். அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று போக வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். "கொஞ்சம்தான் நோவுது, பொறுத்துக்கலாம்" என்று நின்றுவிடுகிறார்கள். அடைப்பு கழன்று விழும், உள்ளே மறுபடி கிருமி சேரும், சில மாதம் கழித்து முகம் வீங்கும். சிகிச்சையை முழுசாக முடித்தவர்களிலும் சிலருக்கு வலி போகாமல் நிற்பதுண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, வேர் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேருக்கு வலி இருப்பதாகச் சொன்னது. அதற்குக் காரணங்கள் உண்டு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருக்கும், ஆனால் வேருக்குள் ஓடும் கால்வாய் பெரும்பாலும் நாலு. அந்த நாலாவது முடியளவு சன்னமானது, கண்ணுக்குத் தப்பிவிடும். கேப் போடாமல் விட்ட பல் விரிசல் விட்டிருக்கலாம். இதெல்லாம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும். சிகிச்சை முடிந்த பின் ஒரு வாரம் வரை கடிக்கும்போது வலிப்பது சகஜம். நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டு வர வேண்டும். குறையாமல் அப்படியே நின்றாலும், குறைந்து மறுபடி ஏறினாலும் பொறுக்க வேண்டியதில்லை.

அடைத்த பல்லின் கதை இன்னும் கொடுமை. அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் மேல்பல் கீழ்ப்பல்லோடு முதலில் அங்கேதான் மோதும். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அந்தப் பல் அடி வாங்கும். டாக்டர் ஒரு நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடிங்க, தேய்ங்க" என்பார். நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தைக் கருவியால் இரண்டு தடவை தொட்டு எடுத்தால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்துக்குப் போகாமல் ஒரு கன்னத்தாலேயே மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

மெடிக்கல் கடையையும் இந்த வரிசையில் வைத்துப் புகழ வேண்டும். பெயர் கேட்பதில்லை, சீட்டு கேட்பதில்லை, ஒரு செட்டு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வலி அன்றைக்கு அடங்குகிறது, வேலை நடக்கிறது. ஆனால் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போகிற வெயிலில் நிற்பது சிறுநீரகத்தின் மேல் விழுகிற அடி. தமிழக உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்த ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள், பெரும்பாலோர் தாங்கத்தக்க வெப்ப அளவைத் தாண்டி வேலை செய்வதையும், சிலருக்கு ஏற்கெனவே சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பளப் பெண்களில் பலர் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பல்லுக்காக மாதக்கணக்கில் மாத்திரை. பல் வலியைப் பொறுத்தவர் கடைசியில் வேறொரு வியாதியையும் பொறுக்க வேண்டிவரும்.

சிலருக்கு வலி பல்லிலேயே இருக்காது, முகத்து நரம்பில் இருக்கும். மின்சாரம் அடித்தாற்போல ஓரிரு நொடி வந்து போகும். முகம் கழுவினால் வரும், காற்றுப் பட்டால் வரும். இதைப் பல் வலி என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இதற்கு கார்பமசெபைன் போன்ற நரம்பு மாத்திரை, டாக்டர் மேற்பார்வையில். இன்னொரு வகை, பல் போன இடத்தில் மாதக்கணக்கில் ஓயாமல் நிற்கிற மந்தமான வலி. அதற்கும் நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. இரண்டிலும் குறட்டுக்கு வேலையில்லை. "அந்தப் பல்லையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று இவர்களாகவே வாயைத் திறந்து காட்டுகிற பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தப் பொறுமை எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. மேஸ்திரிக்கு ஆள் குறைவதில்லை. திரும்பி வராத நோயாளி குணமாகிவிட்டார் என்று டாக்டர் நினைத்துக்கொள்ளலாம். அரசாங்கமும் தன் பங்குக்குப் பொறுமையாகத்தான் இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலேயே வந்துவிட்டது. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15இல் தொடங்கியது. புதுச்சேரி கோரிமேட்டில் பல் மருத்துவத்துக்கென்றே ஓர் அரசு நிறுவனம் நல்ல பெயரோடு நடக்கிறது. அங்கே போக உப்பளத்துக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாதபோது போகலாமே என்றால், அப்போது கையில் காசு இருப்பதில்லை. வேலை இல்லாத அந்த மாதங்களுக்கென்று அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் அரிசிக்கும் கடனுக்கும்தான் போகும். சீசனில் நேரமில்லை, மழையில் காசில்லை. பல் மட்டும் இரண்டு காலத்திலும் நோகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தாலும், தாடைக்கடியில் கல்லாக வீங்கினாலும், வாய் திறக்க வராமல் போனாலும், எச்சில் விழுங்கக் கஷ்டமானாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைத்துவிடும்.

அந்த அக்கா கடைசியில் போனார். கழுவி, மருந்து வைத்து அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி தூங்கினார். "மொதல்லியே வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் சொன்னாராம். பிடுங்கிய அன்று கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரைப் பெயர்கள் இருந்தன. எப்போது திரும்பி வர வேண்டும், என்ன ஆனால் வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியை எழுத எந்தத் திட்டமும் நிதியும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையும் பிபி மாத்திரையும் இப்போது வீடு தேடி வருகின்றன. கொண்டுவருகிற பெண், "பல் புடுங்கினீங்களே யக்கா, இன்னும் நோவுதா?" என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். நோகிறது என்று சொன்னவரை அந்த வாரத்துக்குள் உட்காரவைத்துப் பார்க்க மரக்காணத்திலோ திண்டிவனத்திலோ ஒரு நாற்காலியை, வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலத்திலும் திறந்து வைக்கட்டும்.