பெட்டியோடு வருபவர்

கொல்கத்தாவில் பார்க் தெருவும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மல்லிக் பஜார், 1767இல் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தின் அண்டையிலேயே இருந்துகொண்டு, ஆயுள் முடிந்த கார்களின் உறுப்புகளுக்கு நெடுங்காலமாக மறுபிறவி அளித்துவருகிறது. அங்கும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் அடிக்கடி தென்படும் ஒரு மனித வகையைப் ‘பெட்டியோடு வருபவர்’ என்று குறிப்பிடலாம். பாகத்தை இணையத்தில் தானே வாங்கிவிட்டு, அதைப் பொருத்தும் வேலையை மட்டும் பட்டறைக்கு அருளுபவர் இவர். வேலையில் பெரும்பகுதி பணம் கட்டிய அன்றே முடிந்துவிட்டதென்றும், எஞ்சியிருப்பது ஒரு சடங்கு மட்டுமே என்றும் இவர் மனதார நம்புகிறார்.

பெட்டிக்குள் இருப்பது சஸ்பென்ஷன் சாமான். அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நின்று சாலையின் குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்பிரிங்கும், ஸ்பிரிங் ஓயாமல் துள்ளாதபடி அதை அடக்கும் ஷாக் அப்சார்பரும். டிராம் தண்டவாளத்தின் விளிம்பும், மழைக்குப் பின் வாய் திறக்கும் குழிகளும் உள்ள நகரத்தில் இவற்றை மாற்ற விரும்புவது நியாயமான ஆசையே. ஆனால் இவர் வண்டி பிறந்தபோது இருந்த பாகத்தையே மீண்டும் வாங்குவதில்லை. ஜெர்மனியின் பில்ஸ்டைனா, ஜப்பானின் கயாபாவா, ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமுவா, உள்நாட்டு காப்ரியேலே போதுமா என்று பல இரவுகள் ஆராய்ந்து, குழாய்க்குள் அடைத்த நைட்ரஜன் வாயு எண்ணெய் நுரைப்பதை எவ்வாறு தடுக்கிறது என்பதை உறங்க முயலும் மனைவிக்கு விளக்கி, இறுதியில் குடும்பத்தின் புரி பயணச் செலவை விஞ்சும் ஒரு தொகையை முகம் சுளிக்காமல் செலுத்துகிறார். அந்த முகம் சுளிப்பது கூலி என்ற சொல் காதில் விழும்போதுதான்.

“நாலு போல்ட்டுதானே, உஸ்தாத்?” என்பது இவருடைய முதல் வாக்கியம். மிஸ்திரி எனப்படும் பட்டறை மெக்கானிக் காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், பெட்டியைப் பிடித்திருக்கும் கையிலுள்ள கடிகாரத்தையும் பார்க்கிறார். பிறகு, “மூவாயிரம் கொடுங்க, தாதா” என்கிறார். அக்கணமே பெட்டியோடு வருபவர் கைப்பேசியை எடுத்து, யாரோ ஒரு வெள்ளைக்கார இளைஞர் இதே வேலையைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கும் காணொளியைக் காட்டுகிறார். அந்த இளைஞரின் போல்ட் வறண்ட ஊரில் வளர்ந்தது. இவருடைய போல்ட்டோ ஆம்ஹர்ஸ்ட் தெருவின் மழைவெள்ளத்தில் பல ஆடி ஆவணிகளைக் கழித்துத் துருவேறி, நட்டோடு இணைபிரியாத் தாம்பத்தியத்தில் புகுந்துவிட்டது. அதைப் பிரிக்க எண்ணெயும் கேஸ் தீயும், சில வேளை அறுக்கும் இயந்திரமும் தேவைப்படும் என்பது காணொளியில் இல்லை.

வேலையின் தன்மையை அறிந்தவர்களுக்குக் கூலி எதற்கு என்பது விளங்கும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றின் முன்பக்கத்தில், அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சனின் பெயரால் வழங்கும் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பே உள்ளது. ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் நிற்கும் இந்த அமைப்பில், ஸ்பிரிங்கைத் தனிக் கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால், கழற்றியவரின் தாடை அவ்விடத்தில் இருக்கக் கூடாது. மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும் நிலையில்தான் முழுதாக முடுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையிலேயே முடுக்கிவிட்டால், கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டிய பின் சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறியிருக்கக்கூடும் என்பதால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மிச்சப்படுத்திய கூலியை டயர் தின்றுவிடும். இவ்வளவையும் மிஸ்திரி சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் காணொளி உண்டு.

சொல்லப்படாத கணக்கு ஒன்றும் உள்ளது. பட்டறைகள் பலவற்றில் வருமானத்தின் நல்ல பங்கு பாகத்தை விற்பதில் கிடைக்கும் லாபமே. கூலி அதன் வாலில் தொங்குவது. வாடிக்கையாளர் பாகத்தை வெளியே வாங்கிவந்தால் அந்த லாபம் போய்விடுகிறது. ஆகவே கூலி உயர்கிறது. நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களோ, ஒவ்வொரு வேலைக்கும் கூலிப் பட்டியல் வைத்திருந்தாலும், வெளியே வாங்கிய பாகம் என்றதும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். பெட்டியோடு வருபவர் இதைச் சதி என்கிறார். பில் போட்டால் பதினெட்டு சதவீதச் சரக்கு சேவை வரி சேரும் என்பதால் பில் வேண்டாம் என்கிறார். ஆனால் ஆறு மாதம் கழித்துச் சத்தம் வந்தால் வாரண்டி வேண்டும் என்கிறார். இவ்விரு கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வைக்கும் துணிவை வியக்காமல் இருக்க இயலாது.

நியாயமான கூலி பற்றிய இவருடைய எண்ணம் அம்பாசடர் காலத்தில் உறைந்துபோனது. ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் வரை தயாரித்த அந்தக் காரின் முன்பக்கத்தில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியும், பின்பக்கத்தில் ஸ்பிரிங் பட்டைகளும் இருந்தன. நகரத்தின் எந்தச் சந்திலும் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்தவர் இருந்தார். லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்த பெட்டியோடு வருபவரும், தம் தந்தை ஐம்பது ரூபாய்க்கு வேலையை முடித்த கதையை ஓர் ஆவணம்போல் மேற்கோள் காட்டுவார். அந்தத் தந்தைக்குப் பாகத்தின் பெயரே தெரியாது. மிஸ்திரியே கடைக்குச் சென்று வாங்கி, கடைக்காரரிடம் தன் பங்கையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஐம்பது ரூபாய் என்பது கூலியில் கண்ணுக்குத் தெரிந்த பகுதி மட்டுமே. மீதி பாகத்தின் விலைக்குள் பதுங்கியிருந்தது. மகன் பாகத்தைத் தானே வாங்கியபோது அது பதுங்கிய இடத்திலிருந்து வெளியே வந்து பட்டறை வாசலில் நின்றது.

பேரம் இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிகிறது. அன்று மாலை, வங்காளிகள் ரோயாக் என்று அழைக்கும் வாசல் திண்ணையில் அட்டா என்னும் அரட்டை கூடும்போது, பெட்டியோடு வருபவர் தாம் கொடுத்த கூலி ஆயிரத்து ஐந்நூறு என்று அறிவிக்கிறார். அருகிலிருப்பவர் தமக்கு ஆயிரத்து இருநூறில் முடிந்ததென்கிறார், அதுவும் பொய்யே. கொல்கத்தாவில் சஸ்பென்ஷன் பொருத்தும் கூலியின் ‘சந்தை விலை’ இவ்வகையில் திண்ணைதோறும் இறங்கிக்கொண்டே வந்து, மறுநாள் காலை வேறொருவரின் வாய்மொழியாக அதே மிஸ்திரியிடம் வந்து சேர்கிறது. மிஸ்திரிக்கும் திண்ணைகள் தெரியும். ஆதலால் அவர் புதியவரிடம் கேட்கும் தொகை மூவாயிரத்து ஐந்நூறு.