தொந்தி மீது ஒரு வழக்கு

கேள்வி: அப்பாவுக்குத் தொந்தி போட்டுவிட்டது. எடையைக் குறைக்கச் சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை. எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– வாசகர், போர்ட் பிளேர்

பதில்: 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். கலைஞர் வசனத்தில் சிவாஜி நடந்ததை ஒப்புக்கொண்டு நம்பிக்கை பெறுகிறார்; தங்கையின் கதையால் உருக்குகிறார்; காரணங்களை அடுக்கி மடக்குகிறார். நீங்களும் அப்படியே வாதாடுங்கள். "எங்களுக்காக ஓடாய் உழைச்சீங்கப்பா" என்று ஆரம்பியுங்கள். "பேரனோட கார்பின்ஸ் கோவ் கடற்கரையில ஓட வேண்டாமா?" என்று கேளுங்கள். பிறகு இஞ்ச் டேப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்: ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆபத்து கூடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அந்தமான் நிக்கோபார் ஆண்களில் சுமார் 45 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். வழக்கில் ஜெயித்ததும் தண்டனையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்: தினமும் அவரோடு அரை மணி நேரம் நடை!