வெறுங்கால் அண்ணாச்சி

எங்கள் பக்கத்தில் ஆளைப் பார்க்குமுன் செருப்பைப் பார்த்துவிடுவோம். விசேஷ வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளை வைத்தே உள்ளே யார் யார் பந்தியில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் எங்கள் ஊர் இருக்கன்குடியில் ஒரு வளைகாப்பு வீட்டு வாசலில், பித்துப் பிடித்த நீல நிறத்தில், ஐந்து ஐந்து விரல்களோடு ஒரு ஜோடி கிடந்தது. என் அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "ஆத்தீ! யாரோ காலையே கழட்டி வச்சிட்டுப் போயிருக்காக" என்றாள்.

வெறுங்கால் அண்ணாச்சி எங்களுக்கு அறிமுகமானது அன்றுதான்.

இப்போது ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். சொந்தமாகக் கடை, பாதி தொப்பை, சர்க்கரை எல்லைக்கோட்டில். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். முதல் வருஷம் கேன்வாஸ் ஷூவில் நடப்பார். இரண்டாம் வருஷம் மெத்தை வைத்த ஷூவில் ஓடுவார். மதுரையில் ஏதாவது ஒரு ஓட்டத்தில் மெடல் வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவார். மூன்றாம் வருஷம் ஞானம் பிறக்கும்: ஷூவே கூடாது! கூடாது என்றால் சும்மா இருக்கலாம் அல்லவா? அதுதான் முடியாது. ஷூ போடாதது போலவே இருக்கிற ஷூவைப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம் கொடுத்து வாங்குவார்.

எங்கள் அண்ணாச்சியும் வாங்கினார். வாங்கிய கையோடு டீக்கடைக்கு வந்தார்.

"காலுல இருபத்தாறு எலும்பு, முப்பத்து மூணு மூட்டு. அத்தனையையும் மெத்தைக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கோம்" என்று ஆரம்பித்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியதை, தானும் கூடவே ஓடித் தண்ணீர் கொடுத்தது போலச் சொன்னார். இரண்டு மணி பதினைந்து நிமிஷம் பதினாறு விநாடி. விநாடி உட்படச் சரிதான். அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, அதைவிட மூன்று நிமிஷம் முன்னதாக வந்து மறுபடியும் தங்கம் வாங்கியதை மட்டும் அண்ணாச்சி ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்து மெக்சிகோ. அங்கே மலைக்காட்டில் தாராஹுமாரா என்று ஒரு ஜனம். டயரை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஓடுவார்கள். 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகல் அவர்களைப் பற்றி 'பார்ன் டு ரன்' என்று புத்தகம் போட்ட பிறகுதான் உலகத்துக்கே கண் திறந்தது என்றார். பெஞ்சின் மூலையில் ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் அதுவரை பேசாமல் வடை தின்றுகொண்டிருந்தார். மெதுவாகக் காலை முன்னால் நீட்டினார்.

"எய்யா, நீங்க சொல்லுத செருப்பு இதா?"

டயர் செருப்பு. குதிகால் பக்கம் டயரின் கட்டை இன்னும் தேயாமல் இருந்தது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி சொல்வதெல்லாம் புளுகு என்று நினைத்துவிட வேண்டாம். 1992இல் ராவ், ஜோசப் என்ற இரண்டு டாக்டர்கள் நம் நாட்டுப் பிள்ளைகள் 2,300 பேரின் காலடித் தடத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஷூ, செருப்புப் போடுகிற பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழுவும், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலை மடார் என்று போடாமல் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அதனால் தரையில் இடிபடும் அதிர்ச்சி குறைகிறது என்று எழுதியது. எல்லாம் உண்மை. "பழகியவர்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் அண்ணாச்சி தாண்டிவிட்டார்.

சாதாரண ஓட்ட ஷூவில் குதிகால், முன்பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் போல உயரத்தில் உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்து பழகிய குதிகால் தசைநாரைத் திடீரென்று தரைக்கு இறக்கினால், கூடுதல் பாரத்தைக் கெண்டைக்கால் சுமக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிஷம் போதும் என்பார்கள். அண்ணாச்சி முதல் நாளே சாத்தூர் வரை ஓடினார். மறுநாள் காலை மாடிப்படியில் பின்பக்கமாக, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைத் தழுவிக்கொண்டு இறங்கினார். "இது புது எக்சர்சைஸா?" என்று மதினி கேட்டதற்குப் பதிலே இல்லை.

இந்த விரல் ஷூவை விற்ற வைப்ரம் கம்பெனியை, காலுக்கு வலு சேர்க்கும் என்று சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவில் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, 2014இல் 37.5 லட்சம் டாலருக்குக் கம்பெனி வழக்கைச் சமாதானம் பேசி முடித்தது. இதை நான் மெல்ல எடுத்துச் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் காலு வேற, நம்ம காலு வேற" என்றார் அண்ணாச்சி, காலில் தைலம் தேய்த்தபடி.

அவருடைய கடைசி அஸ்திரம் 'எர்த்'. "பூமியோட பாதம் எர்த் ஆகணும். உடம்புல உள்ள கரண்ட் இறங்கணும்." எதிர்வீட்டுத் தங்கச்சி ஒருத்தி பட்டாசுத் தொழிற்சாலைக்கு, எங்கள் பேச்சில் பட்டாசு ஆபீசுக்கு, வேலைக்குப் போகிறவள். தூக்குச் சட்டியோடு வேனுக்குக் காத்து நின்றவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க ஆபீசுல மருந்து ரூமுக்குள்ள செருப்பே கூடாது. வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டு உடம்புக் கரண்ட்ட இறக்கிட்டுத்தான் உள்ள போகணும். நைலான் சேலைகூடக் கட்ட விடமாட்டாக. நீங்க ரப்பரு மேல நின்னுக்கிட்டு எர்த்துங்கீகளே, அது எப்பிடி இறங்கும்?"

அவளுக்கு அது ஆரோக்கியக் குறிப்பு அல்ல. ஒரு பொறி பறந்தால் அறையே மிஞ்சாது. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அண்ணாச்சி ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆடி வந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற எங்கள் ஊர் தாங்காது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்தெல்லாம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஜனம் நடந்தே வரும். தார் இளகுகிற வெயிலில் மஞ்சள் சேலையும் வேப்பிலையும் அக்கினிச்சட்டியுமாக வரும் அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் காலில் செருப்புக் கிடையாது. அண்ணாச்சிக்கு அது பக்தர் கூட்டமாகத் தெரியவில்லை. பயிற்சி இல்லாத சிஷ்யர்களாகத் தெரிந்தது. சாத்தூரிலிருந்து கூடவே நடந்தார். ஒரு பாட்டியிடம், "தாயி, குதிகால ஊனாதீக. முன்பாதத்த ஊனுங்க" என்றார். ஓடுவதற்கான பாடத்தை நடக்கிறவளுக்கு எடுத்தார். நடையில் வெறுங்காலுக்கும் குதிகால்தான் முதலில் பதியும்.

பாட்டி நிற்கவே இல்லை. "மூணு நாளா நடந்து வாரேன்யா. எந்தக் காலு எதுல ஊனுதுன்னு ஆத்தாளுக்குத்தான் தெரியும்."

கோயில் பக்கத்தில் செருப்பு டோக்கன் போடுகிற பையன் அவரை மறித்தான்.

"அண்ணாச்சி, செருப்பக் கழட்டுங்க."

"தம்பி, இது செருப்பு இல்ல. வெறுங்காலு மாதிரி."

"மாதிரிதான? கழட்டுங்க."

கழற்றினார். விரல் விரலாகக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆனது. பின்னால் வரிசை நின்றது. உச்சி வெயிலில் காய்ந்த தரையில், மூன்று வருஷத்தில் முதன்முறையாக, அண்ணாச்சியின் அசல் பாதம் பட்டது. அடுத்த கணம் பந்தல் நிழலுக்கு ஒரு தாவல், அங்கிருந்து சாக்கு விரித்த இடத்துக்கு ஒரு தாவல். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்: குதிகால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை. சுத்தமான முன்பாத ஊன்றல். லீபர்மேன் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். பாட்டி அவரைத் தாண்டி, நேர்ந்துகொண்ட ஆயிரங்கண் பானையை இடுப்பில் வைத்தபடி, ஆடாமல் அசையாமல் போனாள்.

இப்போது அண்ணாச்சி விடியற்காலையில் வைப்பாற்று மணலில் கால் மணி நேரம் வெறுமனே நடக்கிறார். ஷூ வாரத்துக்கு இரண்டு நாள்தான். கெண்டைக்கால் வலி இல்லையாம். பாதம் கொஞ்சம் காய்த்திருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம், செலவும் கிடையாது. ஆனால் செலவழிக்காமல் வருகிற ஞானத்தை எந்த அண்ணாச்சி நம்பியிருக்கிறார்?

அடுத்த ஆடிக்கு நீங்கள் இருக்கன்குடி வந்தால், சாத்தூர் ரோட்டில் பத்து விரலும் தெரிய நீல ஷூ போட்ட ஒருவர் நீர்மோர்ப் பந்தலில் நிற்பார். நல்ல மனுஷர். மோர் கொடுப்பார், வாங்கிக் குடியுங்கள். ஷூவைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோயில் நடை சாத்திவிடுவார்கள்.