பட்டி பார்த்துப் பெயின்ட் அடி

சுவரில் விரிசல் விழுந்தால் நம் ஊரில் முதலில் கூப்பிடுவது பொறியாளரை அல்ல, பெயின்டரை. பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடித்தால் கட்டடத்துக்கு இளமை திரும்பிவிடும். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் விரிசல் விடாது. அது கிரானைட்.

விரிசலைச் சோதிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினால் போதும். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது. கண்ணாடி மலிவு. தேதிதான் விலை அதிகம். "அன்றைக்கே தெரியுமே, என்ன செய்தீர்கள்?" என்று நாளை யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். ஆகவே அதிகாரியின் கோப்பில் ஒரே வரி: "நேரில் பார்வையிடப்பட்டது."

2014 ஜூன் 28, மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் மண்ணானது. 61 பேர் செத்தார்கள். இடி விழுந்தது என்றது கட்டிய தரப்பு. வானத்தின் மீது யார் வழக்குப் போடுவது? பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நொடி வேலை. அந்தச் சில நொடிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

2021 ஆகஸ்ட், புளியந்தோப்பு கே.பி. பார்க். ஏழைகளுக்கென்று எழுப்பிய புத்தம்புது அடுக்குமாடி. கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது. பிறகுதான் ஐஐடி நிபுணர்கள் வந்தார்கள். அதற்குள் விரலே அறிக்கை கொடுத்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 17, நெல்லை. பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் பலி. உடனே மாநிலம் முழுக்க ஆய்வு. பழுதான பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிபட்டன. அத்தனையும் ஒரே ராத்திரியிலா பழுதாயின?

பத்தே நாளில், டிசம்பர் 27, திருவொற்றியூர். 1993-ல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் தரைமட்டம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கண்ட மக்களே வெளியேறியிருந்தார்கள். அந்த ஆண்டின் ஒழுங்கான கட்டட ஆய்வு அது ஒன்றுதான். செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பஞ்சப்படியும் கிடையாது.

இரும்பு என்றால் மட்டும் நமக்கு எவ்வளவு அக்கறை! எட்டு வயது தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். மறைமலை நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரகடத்தில், வாகனங்களை மோதவிட்டுச் சோதிக்கும் மையமே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவை பொம்மைகள். உடம்பெல்லாம் சென்சார். தலைக்கு எவ்வளவு அடி, நெஞ்சுக்கு எவ்வளவு அடி, எல்லாம் கணக்கு.

அந்த வண்டியைப் பூட்டிய தொழிலாளி நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அறைக்கு ஆறு பேர் படுக்கும் வாடகை மாடிக்கு ஏறுகிறான். கம்பி துருத்தும் கூரைக்குக் கீழே தூங்குகிறான். அந்தக் கூரைக்கு எஃப்.சி. கேட்டவர் யார்?

அங்கே பொம்மை நசுங்கிய பிறகுதான் மனிதனை ஏற்றுகிறார்கள். இங்கே மனிதன் நசுங்கிய பிறகுதான் ஜீப்பை எடுக்கிறார்கள்.