வரைபடத்தில் விட்டுப்போன பாய்

1996இல் நான் ஒன்பதாம் வகுப்பு. இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரியாக்காரர்களின் கார் கம்பெனி வரப்போகிறது என்று எங்கள் தண்டலம் டீக்கடைகளில் ஒரே பேச்சு. அந்த நேரத்தில்தான் சமூக அறிவியல் சார், "இல்லாத ஊர் ஒண்ண நீங்களே வரைஞ்சு எடுத்துட்டு வாங்கடா" என்றார்.

நான்கு பேர் சேர்ந்து இரண்டு சார்ட் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டினோம். ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் அளவு. பெங்களூர் ரோட்டை எட்டு வழிச் சாலையாக்கினோம். தொழிற்சாலைகளுக்குச் சிவப்பு, ஏரிக்கு நீலம். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்து ஒரு விமான ஓடுபாதை இழுத்தோம், மூன்று கிலோமீட்டர். தண்டலம் மாநகர் என்று பெயரும் எழுதியாயிற்று.

சார் நெடுநேரம் பார்த்தார். சிவப்புக் கட்டம் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இங்க வேல செய்யறவங்க ராத்திரி எங்கடா படுப்பாங்க?"

"அவங்கவங்க வீட்டுக்குப் போவாங்க சார்."

"வீட்டக் காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. பத்துக்கு ஆறு மதிப்பெண்தான் கிடைத்தது.

நாங்கள் வரைந்ததில் பெரும்பகுதி வந்துவிட்டது. 1998இல் அந்தக் கொரியக் கம்பெனியான ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் மூடியும் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். தொழிற்சாலைக்கு ஆள் வந்தார்கள், தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும். படுக்க இடம்தான் வரவில்லை. ஊரே வாடகைக்கு அறை கட்டியது. எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்திலும் நான்கு அறை எழும்பின. ஓர் அறையில் ஆறு பெண்கள், மூன்று பாய். காலை ஷிஃப்டுக்குப் போகிறவள் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவள் படுப்பாள். பாயின் சூடு ஆறியதே இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்கத் தூங்கிப்போன பெண்களை அம்மா சத்தம் போடாமல் தாண்டிப் போவாள்.

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் 2024 ஆகஸ்டில் திறந்துவைத்தார். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் முதல் சான்ட்ரோவுக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம்.

போன மாதம் என் மகளுக்கும் பள்ளியில் அதே வேலை கொடுத்தார்கள், கற்பனை நகரம். ரோடு போடுமுன் நீளமாக ஒரு கட்டடம் வரைந்து, வரிசையாக ஜன்னல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஹாஸ்டல்ப்பா. நம்ம ரூம் அக்காங்களுக்கு."

நாங்கள் அன்று இழுத்த ஓடுபாதை பரந்தூரில் விமான நிலையமாக வரும் என்று 2022இல் அறிவித்தார்கள். அந்தப் பகுதியின் ஏகனாபுரத்து மக்கள் இன்னும் எதிர்த்து நிற்கிறார்கள். அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஏற்கெனவே விரித்திருக்கும் பாய்களை எண்ணுங்கள். புதிதாக வரப்போகிறவர்களுக்கு எத்தனை பாய் வேண்டும் என்பதையும் எண்ணுங்கள். அதற்கப்புறம் ஸ்கேலை எடுங்கள்.